பகலுறக்கமும் ஓய்வுக் காலமும்: விலக்கு யாருக்கு உரைக்கப்பட்டது?

ஆய்வுச் சுருக்கம்

பகலில் உறங்கலாகாது என்னும் விதி தமிழ் நூல்களிலும் வடமொழி நூல்களிலும் பழமையானது. அவ்விதி யாரை நோக்கிக் கூறப்பட்டது, பணி ஓய்வு பெற்ற முதியோர் அதற்குள் அடங்குவரா என்பதை இக்கட்டுரை வினவுகிறது. மருத்துவ நூல்கள் முதியோருக்கு விதிவிலக்கு அளித்திருக்க, அலுவலகக் கடிகாரமே அவர்தம் நண்பகல் உறக்கத்தைக் கூச்சத்துக்குரியதாக்கியது என்பது இதன் துணிபு.

திறவுச்சொற்கள்: பகலுறக்கம், ஆசாரக்கோவை, நோயணுகா விதி, உபகாரச் சம்பளம், இளைப்பாறுதல், சாய்மனைக் கதிரை

முன்னுரை

பிற்பகல் இரண்டரை மணிக்கு, ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, "தூக்கத்தைக் கலைத்துவிட்டேனோ ஐயா?" என்று கேட்டால், "இல்லை இல்லை, சும்மா சாய்ந்திருந்தேன்" என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கும். குரல் வேறொன்றைச் சொல்லும். இரவில் உறங்கியதை எவரும் மறைப்பதில்லை; பகலில் உறங்கியதை மட்டும் மறைக்கவோ குறைத்துச் சொல்லவோ முற்படுகிறோம். மொழியும் அதற்குத் துணை நிற்கிறது. தலை சாய்த்தல், கண்ணயர்தல், கண் அசருதல், கோழித் தூக்கம், குட்டித் தூக்கம் என இதற்கு வழங்கும் சொற்கள் பலவும் செயலைச் சிறிதாக்கிக் காட்டுவன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, சட்டப்படி ஓய்வு பெற்ற ஒருவருக்கு இக்கூச்சம் எங்கிருந்து வந்தது? 'பெரியோர் விலக்கியது' என்னும் விடை எளிதாகக் கிடைக்கிறது. அவ்விடை எவ்வளவு சரியானது என்று பார்த்தல் வேண்டும்.

விலக்கின் இலக்கு

பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான ஆசாரக்கோவை பகலுறக்கத்தை வெளிப்படையாக விலக்குகிறது. ஆனால் பெருவாயின் முள்ளியார் அதனை எவற்றோடு சேர்த்து வைத்தார் என்பது கவனிக்கத்தக்கது. பாழடைந்த மனை, தேவகுலம், சுடுகாடு, ஊரில்லாத இடத்து நிற்கும் தனி முதுமரம் ஆகிய இடங்களுக்குத் தனியே செல்லுதலும் பகலில் உறங்குதலும் ஒரே பாடலில் இணைக்கப்படுகின்றன. நோயற்றிருக்க விரும்புவோர் இவற்றைச் செய்யார் என்பதே அங்குக் கூறப்படும் காரணம். சோம்பல் என்னும் பேச்சே அதில் இல்லை. அச்சத்துக்குரியனவற்றின் வரிசையில், உடல்நலம் கருதி வைக்கப்பட்ட விதி அது.

தேரையர் பெயரால் வழங்கும் நோயணுகா விதியிலும் பகல் துயிலாமை இடம்பெறுகிறது. முதல் நாள் சமைத்த கறியை உண்ணாமை, பசித்தாலன்றி உண்ணாமை முதலியவற்றோடு சேர்ந்து, 'நாம் இவ்வாறு வாழ்வோம்' என்று தன்மைப் பன்மையில் உறுதி கூறும் அமைப்பு அதற்கு உண்டு. தன் உடலைத் தானே ஆளுபவரின் நோன்பு அது. பிறரைக் கண்டிக்கும் குரல் அன்று. திருக்குறள் மடியின்மை அதிகாரத்தில் கெடுவார் விரும்பி ஏறும் கலங்கள் நான்கனுள் துயிலும் ஒன்றாக எண்ணப்படுவது உண்மையே. எனினும் அவ்வதிகாரம் பொருட்பாலில், அரசியலின் பகுதியாக அமைந்தது. குடியை உயர்த்த வேண்டிய செயல் வல்லானே அங்கு முன்னிலையில் இருப்பவன்.

வடமொழி மரபிலும் விதியின் இலக்கு தெளிவானது. உபநயனத்தின்போது பகலில் உறங்காதே என்று ஆசிரியர் மாணாக்கனுக்கு உரைப்பதை ஆசுவலாயன கிருகிய சூத்திரம் கூறும். காமத்தில் பிறக்கும் பத்துக் குற்றங்களை எண்ணும் மனு ஸ்மிருதியின் ஏழாம் இயல், வேட்டை, சூது ஆகியவற்றை அடுத்துப் பகலுறக்கத்தை வைக்கிறது. ஆனால் அவ்வியல் முழுவதும் அரசனுக்கானது. ஆக, கற்க வேண்டிய இளைஞனும் ஆள வேண்டிய மன்னனுமே விலக்கப்பட்டோர். கடமையை முடித்து அமர்ந்த முதியவர் இவ்விரு வரிசையிலும் இல்லை.

மருத்துவ நூல் இன்னும் நுட்பமானது. சரக சம்ஹிதையின் சூத்திர தானம், 21ஆம் இயலில், பகலுறக்கம் தகுவோரைப் பெயர் சுட்டிப் பட்டியலிடுகிறது. பாட்டாலும் படிப்பாலும் களைத்தோர், சுமையாலும் வழிநடையாலும் தளர்ந்தோர், செரியாமை உடையோர், புண்பட்டோர், குழந்தைகள், வலுவற்றோர் ஆகியோருடன் முதியோரும் அதில் உளர். வேனிலிலோ, இரவு குறுகியும் உடல் வறண்டும் இருத்தலால், பகலுறக்கம் பொதுவாகவே ஏற்கப்படுகிறது. (ஆண்டின் பெரும்பகுதி வேனிலாகவே கழியும் நம் நிலத்துக்கு இவ்விதிவிலக்கு எத்துணை விரிவானது என்பதை வாசகர் எண்ணிப் பார்க்கலாம்.) அதே நூல், உடல் பருத்தோரும் நெய்ப்பு மிகுந்த உணவு உண்போரும் கப இயல்பினரும் பகலில் ஒருபோதும் உறங்கலாகாது என்று கண்டிப்பாகக் கூறுகிறது. இன்றைய ஓய்வூதியர் பலர் இவ்விரண்டு பட்டியல்களிலும் ஒருசேர இடம்பெறுவர் என்பது வேறு செய்தி.

கருவறையும் திண்ணையும்

நூல்களை விட்டு வழக்கை நோக்கினால் நண்பகல் ஓய்வு எங்கும் காணப்படுகிறது. உச்சிக்காலப் பூசை முடிந்ததும் தமிழகக் கோயில்கள் பெரும்பாலானவற்றில் நடை சாத்தப்படும். மாலை நான்கு மணியளவில்தான் மீண்டும் திறக்கப்படும். விடியலில் பூட்டிய ஏரை வெயில் ஏறுமுன் அவிழ்த்துவிடுவது உழவர் வழக்கம். பழைய வீடுகளின் திண்ணைகளில் ஓரத்தில் தலை வைப்பதற்கென்றே சாய்வாகக் கட்டப்பட்ட திண்டு, கொத்தனாரும் வீட்டுக்காரரும் சேர்ந்து எழுதிய ஆவணம் எனலாம். உறக்கம் பொதுவாகச் சான்று எதனையும் விட்டுச்செல்வதில்லை. இங்குச் செங்கல்லும் சுண்ணாம்பும் சான்றாகின்றன. உண்ட களைப்பு தொண்டருக்கும் உண்டு என்னும் பழமொழியும் இவ்வழக்கின் பக்கமே நிற்கிறது.

உபகாரச் சம்பளமும் பத்து மணியும்

மாற்றம் அலுவலகத்தோடு வந்தது. பத்து மணிக்குத் தொடங்கி ஐந்து மணிக்கு முடியும் வேலை நாள், வெயிலின் உச்சத்தையே உழைப்பின் நடுவில் கொண்டுவந்து வைத்தது. 1906இல் இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வந்தபின் ஊருக்கு ஊர் வேறுபட்ட உச்சிப்பொழுது அலுவல் நோக்கில் பொருளற்றதாயிற்று. மேசையில் கண்ணயர்தல் ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குற்றமாயிற்று. 1922இல் நடைமுறைக்கு வந்த அடிப்படை விதிகளின் வழி அரசு ஊழியரின் ஓய்வு வயது பொதுவாக 55 என நிலைபெற்றது. நடுவண் அரசு அதனை 1962இல் 58 ஆகவும் 1998இல் 60 ஆகவும் உயர்த்தியது. தமிழ்நாடு அரசு 2020இல் 59, 2021இல் 60 என உயர்த்தியது. பகலில் விழித்திருந்தே பழகிய உடல், அந்த ஒரு நாளின் மறுநாள் முதல், நண்பகலில் வீட்டில் இருக்கத் தொடங்குகிறது. பழக்கம் ஆணையோடு முடிவதில்லை.

இக்கூச்சத்தில் ஒரு சொல்லுக்கும் பங்குண்டு எனத் தோன்றுகிறது. ஓய்வூதியம் முன்பு 'உபகாரச் சம்பளம்' எனப்பட்டது. உபகாரம் பெறுபவர் நன்றியுடன் இருத்தல் வேண்டும். பட்டப்பகலில் குறட்டை விடலாகாது. 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வூதியம் ஆள்வோரின் விருப்பத்தைப் பொறுத்த கொடையன்று, செய்த பணிக்கான உரிமை என்று தீர்ப்பளித்தது. அந்நாள் இன்றும் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. தீர்ப்பு சொல்லை மாற்றிய அளவுக்கு மனத்தை மாற்றவில்லை. இத்தனைக்கும் அரசு ஓய்வூதியரிடம் ஆண்டுக்கொருமுறை கேட்பது உயிர்வாழ் சான்று மட்டுமே. விழித்திருக்கும் சான்று அன்று.

ஈழத் தமிழ் வழக்கு இங்கு வேறு வழியில் செல்கிறது. அங்குப் பணி ஓய்வு 'இளைப்பாறுதல்' எனப்படும். 'இளைப்பாறிய அதிபர்', 'இளைப்பாறிய ஆசிரியர்' என்பன இயல்பான வழக்குகள். களைப்பு உண்டு, அது தீர்தல் வேண்டும் என்னும் ஒப்புதல் அச்சொல்லிலேயே உள்ளது. மலாயாவில் புகைவண்டித் துறையிலும் அரச அலுவலகங்களிலும் பணியாற்றி யாழ்ப்பாணம் திரும்பிய 'மலாயன் பென்சனியர்' அவ்வூர்ச் சமூக வரலாற்றில் தனி வகையினர். விறாந்தையில் கிடந்த சாய்மனைக் கதிரை அத்தகைய வாழ்வின் அடையாளமாயிற்று. படுக்கையும் அன்று, இருக்கையும் அன்று. உறங்கிக்கொண்டே 'உறங்கவில்லை' என்று சொல்ல இடந்தரும் பொருள். தமிழகத்து ஈசிசேரும் அதே பணியைச் செய்தது. தமிழகத்திலோ அண்மைக் காலமாக அழைப்பிதழ்களில் 'ஓய்வு' மறைந்து 'பணி நிறைவு' இடம்பெறுகிறது. மதிப்புக் கருதிய மாற்றமே எனினும், ஓய்வு என்னும் சொல் நாணத்துக்குரியதாகிவிட்டதன் அறிகுறியாகவே இதனை நான் காண்கிறேன்.

புலமை உலகம் இந்நாணத்தை மேலும் வளர்த்திருக்கிறது. உ. வே. சாமிநாதையர் 1919இல் மாநிலக் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் 1924இல் பெருங்கதையையும் 1937இல் குறுந்தொகையையும் பதிப்பித்தார். ஓய்வு பெறும் ஆசிரியருக்கான பாராட்டுரைகளில் இத்தகைய முன்மாதிரிகளே எடுத்துக்காட்டப்படுகின்றன. அவை பெருமைக்குரியன, ஆனால் அளவுகோலாகும்போது ஏனையோர் நண்பகலில் கண் மூடுவதும் பிழைபோல் ஆகிவிடுகிறது. முதுமையில் இரவுறக்கம் ஆழம் குறைந்து அடிக்கடி கலைவதும், உணவு உண்ணாவிடினும் பிற்பகலில் விழிப்புணர்வு தாழ்வதும் இன்றைய உறக்க மருத்துவம் ஏற்கும் செய்திகள். நீண்ட பகலுறக்கத்துக்கும் இதய நோய்க்கும் தொடர்பு காணும் ஆய்வுகள் உண்டு. உறக்கம் நோயைத் தருகிறதா, மறைந்திருக்கும் நோய் உறக்கத்தைத் தருகிறதா என்னும் வினா அவற்றில் தீரவில்லை. அரைமணிக்குள், மூன்று மணிக்கு முன் என்னும் மருத்துவர் அறிவுரை, சரகரின் பட்டியல் போலவே, ஆளைப் பார்த்துச் சொல்லப்படும் அளவு.

பட்டியலில் இல்லாதவர்

மேற்கூறிய அனைத்தும் பெரிதும் ஆடவரின் வரலாறு. அலுவலகம் செல்லாத பெண்ணுக்கு ஓய்வு பெறும் நாள் என ஒன்று இல்லை. 1964இன் குடும்ப ஓய்வூதியத் திட்டத்தில் மனைவிக்கு ஓய்வூதியம் கிடைப்பதும் கணவர் இறந்தபின்னரே. பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியைக்கும் ஒரு வேலையே முடிகிறது, அடுக்களை முடிவதில்லை. ஈசிசேர் கணவருக்குரியது. எல்லோரும் உண்டபின் உண்டு, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து, கூடத்துத் தரையில் கையைத் தலைக்கு வைத்து அவர் படுக்கும்போது மணி மூன்றாகியிருக்கும். நான்கு மணிக் காப்பிக்குப் பால் காய்ச்ச அவரே எழுந்திருப்பார்.