நூறா, எண்பதா? ஒரு பேட்டரிப் பழக்கத்தின் கதை

போன மாசம் அரூர் போயிருந்தப்ப மாமா வீட்டில் ஒரு சின்னத் தகராறு. புதுசா வாங்கின மின்சாரக் காரை மகன் 80 சதவீதத்தோட நிறுத்தும்படி வைத்துவிட்டுப் படுக்கப் போகிறான். மாமா ராத்திரி எழுந்துபோய் அதை நூறுக்கு மாத்திடுறார். "அரைவயிறா போட்டா பேட்டரி செத்துடும்டா" என்பது அவர் கட்சி. மகன் செல்போனில் படிச்சதைக் காட்டுகிறான். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ரெண்டு பேரும் சொல்றது சரின்னுதான் பட்டது, ஆனா வேற வேற பேட்டரிக்கு.

மாமாவுக்கு இந்தப் பாடம் சொல்லிக்கொடுத்தது மின்வெட்டு. 2012 வாக்கில் சென்னையைத் தாண்டினால் நாளில் பாதி நேரம் கரண்ட் இருக்காது என்பது பலருக்கு ஞாபகம் இருக்கும். வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது அப்போதுதான். அதில் இருந்தது 1859இல் பிரெஞ்சுக்காரர் பிளாந்தே கண்டுபிடித்த ஈய-அமில பேட்டரியின் வாரிசு. அதைக் காலியாக விட்டால் தகட்டில் ஈய சல்பேட் படிந்து இறுகிப்போகும். அப்புறம் சார்ஜ் ஏறாது. அதனால் முழுசா ஏத்து, டிஸ்டில்டு வாட்டர் ஊத்து. அந்த பேட்டரிக்கு இதைவிட நல்ல அறிவுரை கிடையாது. 2001இல் பெங்களூரில் சேத்தன் மைனி கொண்டுவந்த ரேவா காரும் முதலில் ஈய-அமிலத்தில்தான் ஓடியது.

லித்தியம் வந்ததும் விதி தலைகீழாச்சு. 1991இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம்-அயனி பேட்டரியில், சார்ஜ் ஏற ஏற நேர்முனையின் மின்னழுத்தம் உயர்ந்து, உள்ளே இருக்கும் மின்பகுளியை அரிக்கத் தொடங்குகிறது. எதிர்முனையில் ஒரு படலம் மெல்ல மெல்லத் தடித்து லித்தியத்தைத் தின்னும். முழு சார்ஜும் வெப்பமும் சேர்ந்தால் இரண்டுமே வேகமாகும். சும்மா நிற்கும் வண்டியிலும் இது நடக்கும் என்பதுதான் வயித்தெரிச்சல்.

கார் கம்பெனிகளுக்கு இது தெரியும். 2010 கடைசியில் வந்த செவர்லே வோல்ட்டில் 16 கிலோவாட்-மணி பேட்டரி; ஓட்டுநருக்குக் கிடைத்தது சுமார் 10தான். மேலேயும் கீழேயும் மிச்சத்தைப் பூட்டி வைத்திருந்தார்கள். அதே சமயம் வந்த நிசான் லீஃப், 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதியைக் கொடுத்து, முடிவை வாங்கினவர் கையில் விட்டது. பேட்டரியைக் குளிர்விக்க அதில் திரவ ஏற்பாடும் இல்லை. 2012இல் அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் லீஃப் வைத்திருந்தவர்கள், பேட்டரி சீக்கிரம் தேய்கிறதென்று புகார் கிளப்பினார்கள். அரூரின் சித்திரை வெயிலை நினைத்தால் எனக்கு அரிசோனா அவ்வளவு தூரமாத் தெரியல.

இங்கே கதையில் நம்மூர்க்காரர் ஒருத்தர் வருகிறார். தென்தமிழ்நாட்டில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐஐடியிலும் படித்த ஆறுமுகம் மந்திரம். 1980களில் ஜான் குடினஃபோடு சேர்ந்து, சல்பேட் மாதிரியான கூட்டயனிகள் உள்ள இரும்புச் சேர்மங்களை ஆராய்ந்தார். அந்தப் பாதையில்தான் 1997இல் குடினஃப் குழுவின் லித்தியம் இரும்பு பாஸ்பேட், சுருக்கமா எல்எஃப்பி, வெளிவந்தது. 2019இல் குடினஃபின் நோபல் உரையை ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நிகழ்த்தியவரும் மந்திரமே.

எல்எஃப்பியின் மின்னழுத்தம் குறைவு, அதனால் முழு சார்ஜை ஓரளவு தாங்கும். ஆனா ஒரு சிக்கல்: நடுவில் மின்னழுத்தம் கிட்டத்தட்ட மாறவே மாறாது. 40 சதவீதமா 60 சதவீதமா என்று வண்டிக்கே குழப்பம். நூறைத் தொட்டால்தான் கணக்கு நேராகும். எல்எஃப்பி வண்டிகளை வாரம் ஒருமுறையாவது நூறுக்கு ஏத்தச் சொல்லி டெஸ்லா அறிவுறுத்தியது இதனால்தான். அதுக்காக எல்எஃப்பியை நாள் கணக்கா நூறில் வெயிலில் நிறுத்தலாம்னு அர்த்தமில்ல. தேய்மானம் அதுக்கும் உண்டு, வேகம்தான் கம்மி.

மாமா வீட்டுக் காரின் கையேட்டைப் புரட்டினோம். எல்எஃப்பிதான்! மாமாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. மகன் விடவில்லை: வாரத்துக்கு ஒரு நாள்தான், அதுவும் மறுநாள் ஓட்டுறதா இருந்தா மட்டும். இப்போ சனிக்கிழமை ராத்திரி மாமா கணக்கில் நூறு. ஞாயிறு விடிஞ்சதும் சேலம் கிளம்பிடுறாங்க. மத்த நாளில் வண்டி 80உடன் புளியமரத்தடியில் நிற்கிறது.