இருக்கை கேட்ட வரலாறு

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் அவர்கள் கேட்டபோது, மன்னர்களைப் பற்றியும் போர்களைப் பற்றியும் எழுதத் தக்க புலமை எனக்கு இல்லை என்று விடையிறுத்தேன். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்தவன் நான். "அப்படியானால் உமக்குத் தெரிந்ததை எழுதும்" என்றார் அவர். எனக்குத் தெரிந்தவை இரண்டு. ஒன்று, நான் நாள்தோறும் அமர்ந்து பணிசெய்யும் நாற்காலி. மற்றொன்று, என் தங்கை நாள்தோறும் நின்று பணிசெய்த கடை. ஆதலின் கடைப் பணியாளர்கள் இருக்கை பெற்ற வரலாற்றை எழுதத் துணிந்தேன்.

இதுவும் ஒரு வரலாறா என்று சிலர் எண்ணக்கூடும். நம் ஒலவக்கோட்டுக் குடியிருப்பிலேயே எத்தனை வீட்டுப் பெண்கள் காலையில் ஜவுளிக்கடைக்கும் நகைக்கடைக்கும் புறப்பட்டுப் போகிறார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், இது நம் வீட்டு வரலாறு என்பது விளங்கும்.

மெத்தையும் திண்டும்

என் தந்தையார் சிறுவயதில் கண்ட பாலக்காட்டு ஜவுளிக்கடைகளைப் பற்றி அடிக்கடி சொல்லுவார். கடைக்குள்ளே உயரமான மரப் பலகை, அதன்மேல் மெத்தை, மெத்தையின்மேல் வெள்ளை விரிப்பு. ஒரு மூலையில் முதலாளி திண்டில் சாய்ந்து கல்லாப்பெட்டியின் முன் அமர்ந்திருப்பார். குமாஸ்தாக்கள் சம்மணமிட்டு அமர்ந்து வேட்டியையும் புடவையையும் விரித்துக் காட்டுவார்கள். வாங்க வந்தவரும் அந்த விரிப்பின் ஓரத்திலே அமர்ந்துகொள்வார். விற்பவர், வாங்குபவர், முதலாளி ஆகிய மூவரும் ஒரே மெத்தையில் இருந்தனர்.

இதனால் அக்காலம் பொற்காலம் என்று கருதிவிடலாகாது. கடை திறக்கும் நேரம் உண்டு. மூடும் நேரம் முதலாளியின் மனத்தைப் பொறுத்தது. வார விடுமுறை என்பது பலருக்குக் கனவு. கூலி பேசிய கூலியாக இராது. போகச் சொன்னால் போக வேண்டியதுதான். காரணம் கேட்க இடம் இல்லை. பெண்களை அக்கடைகளில் காண்பதே அரிது. எனினும், உட்கார்ந்து வேலை செய்வது குற்றம் என்ற எண்ணம் மட்டும் அன்று எவருக்கும் தோன்றவில்லை.

சட்டங்கள் வந்த வகை

கடைப் பணியாளர்க்கு வாரத்தில் ஒருநாள் ஓய்வு வேண்டும் என்பதற்காக 1942ஆம் ஆண்டில் வார விடுமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் 1947ஆம் ஆண்டில் சென்னை மாகாணக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் பிறந்தது. நம் பாலக்காடு அப்போது சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவில் இருந்தமையால், அச்சட்டம் நம் ஊர்க் கடைகளுக்கும் உரியதாயிற்று. நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலைக்கு வரம்பு கட்டியது அது. ஆறு திங்கள் தொடர்ந்து பணிசெய்தவரைத் தக்க காரணமின்றி நீக்கலாகாது என்றும் விதித்தது. முதலாளியின் விருப்பமே விதியாக இருந்த இடத்தில் எழுதப்பட்ட விதி நுழைந்தது.

1956 நவம்பர் முதல் நாளில் மலபாரும் திருவாங்கூர்-கொச்சியும் இணைந்து கேரளம் அமைந்தது. திருவாங்கூர்-கொச்சியைச் சேர்ந்திருந்த தேவிகுளம், பீர்மேடு மலைப் பகுதிகள் கேரளத்திலேயே தங்கின. 1972இல் அவை இடுக்கி மாவட்டத்தில் சேர்ந்தன. எல்லா ஊர்களுக்கும் பொதுவாகக் கேரளக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டம் 1960இல் இயற்றப்பட்டது.

இங்கே ஒரு வியப்பைக் குறிப்பிட வேண்டும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில், நின்று வேலை செய்யும் தொழிலாளர்கள் இடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அமர்வதற்கு இருக்கை தரவேண்டும் என்ற பிரிவு இடம் பெற்றிருந்தது. கடைகளுக்கான சட்டங்களில் அவ்விதி எழுதப்படவில்லை. மெத்தையில் அமர்ந்திருந்தவனுக்கு இருக்கை எதற்கு என்று எண்ணினார்கள் போலும்!

நின்ற கால்கள்

காலம் மாறிற்று. மெத்தையும் திண்டும் மறைந்து, கண்ணாடி மேசைகளும் பளிங்குத் தரையும் வந்தன. ஒற்றைக் கடை மூன்று மாடி, நான்கு மாடியாக உயர்ந்தது. குளிர்சாதனம், மின்விளக்கு, மின்தூக்கி என்று கடை மாளிகையாயிற்று. வாங்க வருவோருக்கு மெத்தை தைத்த இருக்கை. விற்பவருக்கோ நிற்பதற்கு மேசைக்குப் பின்னே ஒரு முழ இடம். குமாஸ்தா இருந்த இடத்தில் சீருடை அணிந்த பெண்கள் வந்தார்கள். அமர்ந்திருப்பவர் சோம்பேறி என்ற கருத்தும் அவர்களோடு கூடவே கடைக்குள் நுழைந்தது.

சென்னை தியாகராய நகர் ரங்கநாதன் தெருவின் கடைப் பணியாளர் வாழ்க்கையை வசந்தபாலன் இயக்கிய 'அங்காடித் தெரு' என்னும் திரைப்படம் 2010இல் காட்டியபோது தமிழ்நாடே கண் கலங்கியது. எங்கள் வீட்டில் அதைப் பார்த்துவிட்டு என் தங்கை ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் வாளியில் வெந்நீர் எடுத்து வந்து கால்களை அதில் வைத்துக்கொண்டாள்.

அவள் கணவனை இழந்த பின் எங்களோடு தங்கி, அருகிலுள்ள நகரத்து ஜவுளிக்கடை ஒன்றில் சேர்ந்திருந்தாள். காலை 9½ மணிக்கு மேசைக்குப் பின்னே நின்றால் இரவு 8 மணிக்கு மேல்தான் வெளியே வருவாள். நண்பகல் உணவு வேளை தவிர உட்காரக் கூடாது. ஆள் வராத நேரத்திலும் சுவரில் சாயக் கூடாது. சாய்ந்தால் சம்பளத்தில் பிடித்தம். கழிப்பறைக்குச் செல்ல மேற்பார்வையாளரிடம் கேட்க வேண்டும் என்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டாள். முப்பத்திரண்டு வயதில் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்துவிட்டது.

ஒரு தீபாவளிக்கு முன்னாள் குடும்பத்தோடு அவள் கடைக்கே சென்றோம். என்னையும் என் மனைவியையும் அமரச் சொன்னார்கள். தங்கை எதிரே நின்று புடவைகளை ஒவ்வொன்றாக விரித்தாள். என் மனைவிக்கு எளிதில் மனம் நிறையாது. முப்பது புடவை விரிந்திருக்கும். நான் ஒரு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்து, "கொஞ்சம் சீக்கிரம் எடுத்துக் காட்டக்கூடாதா?" என்று கேட்டுவிட்டேன். உறவினரோடு பேசிக்கொண்டு நின்றாள் என்று மேற்பார்வையாளர் குறை சொல்லக்கூடும் அல்லவா? அதனால் அவள் என்னைப் பார்த்து, "இதோ எடுக்கிறேன், சார்" என்றாள். அண்ணா என்று அழைத்த வாயால் சார் என்று அழைக்கக் கேட்டேன். அன்று வாங்கிய சட்டையை என்னால் மகிழ்ச்சியோடு அணிய முடியவில்லை.

தெருவில் அமர்ந்தவர்கள்

என் தங்கையைப் போன்றோர் ஆயிரம் பேர். அவர்கள் வாய் திறந்த இடம் கோழிக்கோடு. அங்கே மிட்டாய்த் தெருவில் தையல் தொழிலாளியாக இருந்த விஜி என்னும் பெண்மணி, கடைகளில் பணிபுரியும் பெண்களுக்குக் கழிப்பறை இல்லாத குறையைக் கண்டு, 2009ஆம் ஆண்டில் 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். கழிப்பறை கேட்டுத் தொடங்கிய குரல், பின்பு இருக்கை கேட்கும் குரலாக வளர்ந்தது. அமைப்புச் சாராத் தொழிலாளர்க்கென்று ஒரு தொழிற்சங்கமும் உருவாயிற்று.

2014 டிசம்பர் இறுதியில் திருச்சூர்க் கல்யாண் சாரீஸ் கடையின் முன் ஆறு பெண் பணியாளர்கள் போராட அமர்ந்தனர். சங்கத்தில் சேர்ந்ததற்காகவே தங்களைத் தொலைவூருக்கு மாற்றினார்கள் என்பது அவர்கள் முறையீடு. அமர்வதற்கு உரிமை வேண்டும் என்பதும் கோரிக்கைகளுள் ஒன்று. 'இருப்புச் சமரம்' என்று மலையாளத்தில் அதற்குப் பெயர் வந்தது. கடைக்குள் அமர இடமில்லாதவர்கள் கடைக்கு வெளியே தெருவோரத்தில் நூறு நாட்களைக் கடந்து அமர்ந்திருந்தார்கள்.

அதே 2015ஆம் ஆண்டு செப்டம்பரில் மூணாற்றில் நம் தமிழ்ப் பெண்கள் எழுந்தார்கள். தேயிலை பறிக்கும் ஆயிரக்கணக்கான மகளிர் 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரால் கூடி, 20 விழுக்காடு போனஸ் கேட்டுச் சாலையில் அமர்ந்தனர். ஒன்பதாம் நாள் உடன்பாடு ஏற்பட்டது; போனசும் கருணைத் தொகையும் சேர்ந்து 20 விழுக்காடு கிடைத்தது. தோட்டமும் ஜவுளிக்கடையும் வெவ்வேறு தொழில்கள்தாம். ஆயினும் எங்கள் குடும்பத்துப் பெண்கள் அந்தச் செய்தியை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் கண்டேன். "கொழுந்து கிள்ளுகிற அக்காமார் பேசுகிறார்கள், நாம் ஏன் பேசவில்லை?" என்று தங்கை கேட்டாள்.

முக்காலி வந்தது

2018 அக்டோபரில் கேரள அரசு அவசரச் சட்டத்தின் வாயிலாக 1960ஆம் ஆண்டின் சட்டத்தைத் திருத்தியது. கடைப் பணியாளர் அனைவருக்கும் இருக்கை வசதி செய்து தரவேண்டும். பணியின் நடுவே வாய்ப்பு நேரும்போதெல்லாம் அவர்கள் அமர்ந்துகொள்ளலாம் என்பது அத்திருத்தத்தின் சாரம். அவ்வாண்டே பி.பி.சி. நிறுவனம் தேர்ந்தெடுத்த நூறு மகளிருள் விஜியும் ஒருவராக இடம் பெற்றார். மூன்றாண்டு கழித்து, 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டப்பேரவையும் தன் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் 22ஏ என்ற பிரிவைச் சேர்த்து, கடைப் பணியாளர்க்கு இருக்கை உரிமை அளித்தது. நம் பாலக்காட்டுக்கு முதன்முதலில் வேலை நேரம் வகுத்துத் தந்த அதே சட்டம் அது.

உலக வரலாற்றை நோக்கினால் நாம் எவ்வளவு பிந்தினோம் என்பது தெரியும். இங்கிலாந்தில் 1899ஆம் ஆண்டிலேயே கடைப் பெண்களுக்கு இருக்கைச் சட்டம் இயற்றப்பட்டது. மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கையேனும் இருத்தல் வேண்டும் என்று அது விதித்தது. பன்னாட்டுத் தொழிலாளர் நிறுவனம் 1964இல் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையிலும், போதிய இருக்கைகளும் அவற்றைப் பயன்படுத்த வாய்ப்பும் தரவேண்டும் என்று கூறப்பட்டுள்ளது. இருக்கை என்று மட்டும் சொல்லாமல், அதைப் பயன்படுத்தும் வாய்ப்பையும் சேர்த்துச் சொன்னதன் பொருளை நான் பின்னர்த்தான் உணர்ந்தேன்.

தங்கையின் கடையிலும் முக்காலிகள் வந்தன. நான்கு பேருக்கு ஒன்று. வந்த நாளன்று இரவு, "அண்ணா, முக்காலி வந்துவிட்டது. உட்காரத்தான் இன்னும் தைரியம் வரவில்லை" என்றாள். மேற்பார்வையாளர் ஒன்றும் சொல்வதில்லையாம். ஆயினும் நின்று பார்ப்பாராம். வாங்க வருபவர்கள், "ஆள் வந்தது தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாயே" என்று கடிந்துகொள்வார்களாம். பத்தாண்டுப் பழக்கம் காலிலும் மனத்திலும் ஏறியிருந்தது. பல திங்கள் அந்த முக்காலியின்மேல் அட்டைப் பெட்டிகள்தாம் அமர்ந்திருந்தன.

பிறகு புதிதாக ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துச் சிறு பெண்; பழைய வழக்கம் எதுவும் அறியாதவள். முதல் நாளே, கூட்டம் குறைந்த நேரத்தில் அட்டைப் பெட்டிகளைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு முக்காலியில் அமர்ந்தாள். எல்லாரும் மேற்பார்வையாளரைப் பார்த்தார்கள். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சிறிது நேரம் சென்றபின் அவள் எழுந்து, "அக்கா, நீங்கள் உட்காருங்கள்" என்றாள். என் தங்கை அமர்ந்தாள். வேலை நேரத்தில் கடைக்குள் அவள் அமர்ந்தது அதுவே முதல் முறை.

நம் கடமை

அன்பர்களே, சட்டம் செய்ய வேண்டியதைச் சட்டம் செய்துவிட்டது. முதலாளிகள் செய்ய வேண்டியதில் பாதியேனும் செய்திருக்கிறார்கள். எஞ்சிய பங்கு வாங்கச் செல்லும் நம்முடையது. தங்கை கடைக்குள் முதன்முதலில் அமர்ந்தபோது அஞ்சியது முதலாளிக்கு மட்டும் அன்று. என்னைப் போல் கைக்கடிகாரத்தைப் பார்க்கும் வாடிக்கையாளருக்கும்தான். நான் பயணச்சீட்டு அறையில் நாற்காலியில் அமர்ந்தே பணிசெய்கிறேன். அமர்ந்திருக்கிறேன் என்பதற்காக என்னை எவரும் சோம்பேறி என்று சொன்னதில்லை. அவர்களுக்கு மட்டும் வேறு நியாயம் ஏன்?

ஓணத்துக்கும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் துணி எடுக்கச் செல்லும்போது, மேசைக்குப் பின்னே ஒரு பெண் அமர்ந்திருக்கக் கண்டால் அவளை எழுப்பாமல் பேசுவோம். அவள் நின்றுகொண்டே இருந்தால், "உட்கார்ந்தே காட்டம்மா" என்று மேற்பார்வையாளர் காதில் விழும்படி சொல்லுவோம். இதற்குப் பணம் வேண்டியதில்லை.

இன்னொன்றும் கூறி முடிக்கிறேன். நம் ஆண்டு விழாவில் வாயிலில் பன்னீரும் சந்தனமும் கற்கண்டும் ஏந்தி, நம் வீட்டுப் பெண் பிள்ளைகள் மாலை முழுவதும் நின்று வரவேற்பது வழக்கம். உள்ளே நமக்கெல்லாம் நாற்காலி, அவர்களுக்கு இல்லை. இத்தனை ஆண்டுகளாக நானும் அவர்களைக் கடந்து சென்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறேன். இவ்வாண்டு அந்த வரவேற்பு மேசையின் பின்னே நான்கு நாற்காலிகள் போடச் செயலாளர் அவர்களை வேண்டிக்கொண்டேன். அவரும் இசைந்துள்ளார். விருந்தினர் வரும்போது பிள்ளைகள் அமர்ந்திருந்தால், தயைகூர்ந்து எவரும் அவர்களை எழுந்து நிற்கச் சொல்ல வேண்டாம்.

வாழ்க நம் சங்கம்!