உத்திரமேரூர்க் கல்வெட்டுகளும் வரலாற்றுத் துறைப் பயிற்சியும்

வரலாற்று மாணவர் உத்திரமேரூரை முதலில் பாடநூல் வழியே அறிகின்றார். குடவோலை, தேர்தல், மக்களாட்சி என்னும் மூன்று சொற்களில் அவ்வூர் அடங்கிவிடுகின்றது. கல்வெட்டு வாசகத்தை நேரடியாகப் படிக்கும் துறைசார் பயிற்சியே இவ்வறிவைச் செம்மைப்படுத்தும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

வைகுண்டப்பெருமாள் கோயிலில் முதற் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளுக்குரிய (கி.பி. 919, 921) இரு கல்வெட்டுகள் உள்ளன. வாரியத்திற்குரியோர் வயதை முன்னது 30 முதல் 60 வரை என்றும், பின்னது 35 முதல் 70 வரை என்றும் வரையறுக்கின்றன. ஈராண்டிற்குள் விதி திருத்தப்பட்டமை இரண்டையும் ஒப்பிட்டாலன்றிப் புலப்படாது.

கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி ஆகியன தகுதிகளாயின. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். எனினும் இவை சதுர்வேதிமங்கலம் எனும் பிராமண ஊரின் சபைக்குரியவை. அரசாணைப்படி அதிகாரி ஒருவர் உடனிருக்கச் செய்யப்பட்டவை. நிலமற்ற உழைப்பாளர்க்கோ பெண்டிர்க்கோ குடத்தில் ஓலையில்லை.

சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி 1932இல் வெளியிட்ட சோழர் ஆட்சி குறித்த நூலில் இக்கல்வெட்டுகளை விரிவாக ஆராய்ந்தார். பின்னர் நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும், ஒரு சாசனத்தைக் கொண்டு பொதுமுடிவு காணாது, பல சாசனங்களைத் தொகுத்து எண்ணியல் முறையில் நோக்கினர். முன்னது ஆழ்ந்து படித்தல். பின்னது அகன்று ஒப்பிடுதல். இவ்விரண்டும் கைவரப்பெற்ற மாணவரே உத்திரமேரூரின் சிறப்பையும் அதன் எல்லையையும் ஒருங்கே உரைக்க வல்லவர். கல்வெட்டின் முன் நிற்காமல் பெறும் பட்டம் பாடநூலின் மறுபதிப்பாகவே எஞ்சும்.