தெளிந்த தண்ணீர் எல்லாம் சுத்தமான தண்ணீரா?



வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது: "சேர், எங்கட கிணத்துத் தண்ணி கண்ணாடி மாதிரித்தானே இருக்கு, பிறகேன் கொதிக்க வைக்கோணும்?" இதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் வரலாறு வேண்டும்.

நம் முன்னோர் கலங்கிய தண்ணீரைத் தேத்தாங்கொட்டையால் தெளிய வைத்தார்கள். பானையின் உட்புறத்தில் அதைத் தேய்த்துவிட்டால் சேறு ஒன்றுதிரண்டு அடியில் படியும். கலங்கல் போகும், ஆனால் கிருமி முழுதாகப் போகாது.

1892இல் ஜேர்மனியின் ஹம்பர்க் நகரில் கொலரா பரவி 8,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பக்கத்து நகரான அல்ட்டோனாவும் அதே எல்பே ஆற்றுத் தண்ணீரைத்தான் குடித்தது. அதுவும் ஹம்பர்க்கின் கழிவு கலந்த பிறகு வரும் தண்ணீர். ஆனாலும் அங்கே இறப்பு மிகக் குறைவு. காரணம், அவர்கள் தண்ணீரை மணல் வடிகட்டியில் மெதுவாக வடித்தார்கள். மணலின் மேல் படியும் உயிர்ப்படலம் கிருமிகளைப் பிடித்து அழித்துவிடும்.

நம் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகள், குகைகள் வழியே மழைநீர் வேகமாக இறங்கிவிடும்; மணலைப்போல் வடிக்காது. மலசலகூடக் குழியிலிருந்து கசிவதும் அதே வழியில்தான் போகும். சோனகதெருவின் சிறிய வளவுகளில் கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் எத்தனை அடி இருக்கிறது என்று நீங்களே அளந்து பாருங்கள்.

1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட நாம், திரும்பி வந்ததும் பாழடைந்த கிணறுகளை இறைத்துக் குளோரின் போட்டோம். குளோரின் கிருமியைக் கொல்லும். ஆனால் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது குளோரினும் உதவவில்லை, கொதிக்க வைப்பதும் உதவவில்லை. அந்த வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம், மின்நிலைய நிறுவனம் மக்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்க வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தாலும் நிலத்தடியில் இறங்கிய எண்ணெயை அள்ளி எடுப்பது எளிதல்ல.

பசளையிலிருந்தும் மலக்குழியிலிருந்தும் வரும் நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை. கொதிக்க வைத்தால் தண்ணீர் வற்றி அதன் செறிவு கூடும். இலீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால், அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தையின் உடல் நீலம் பாரிக்கும் ஆபத்து உண்டு.

2024 ஓகஸ்டில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர். நல்ல விடயம். ஆனால் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது என்பதற்காக நிலத்துக்குள் கழிவை விட்டுக்கொண்டே இருக்கலாமா?

அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன பதில் இதுதான்: ஒவ்வொரு அழுக்குக்கும் ஒவ்வொரு மருந்து. எந்த அழுக்கு என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, பரிசோதித்தால்தான் தெரியும். ஒவ்வொரு ஒழுங்கையிலும் பத்து வீட்டார் சேர்ந்து, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடம் பரிசோதனை பற்றிக் கேட்போம். கசியாத மலக்குழி கட்டுவோம். வுழூவுக்கும் குடிக்கவும் நாம் அள்ளுவது ஒரே நிலத்தடித் தண்ணீரைத்தான்.