நீரிழிவும் சிறுநீரகமும்: இனம் காரணமா, பாகுபாடு காரணமா?

அமெரிக்காவில் சிறுநீரகச் செயலிழப்புக்கு முதன்மைக் காரணம் நீரிழிவு. அந்நாட்டு மக்கள்தொகையில் கறுப்பின மக்கள் ஏறத்தாழ 13 விழுக்காடு. சிறுநீரகம் செயலிழந்தோரிலோ அவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர். நீரிழிவுள்ள கறுப்பினத்தவரின் சிறுநீரக நோய் இறுதிக் கட்டத்தை விரைவில் எட்டுகிறது என்பதும் நெடுங்காலமாக அறியப்பட்டதே. இவ்வேறுபாடு உடலின் இயல்பா, சமூகத்தின் விளைவா? பிறப்பைக் கொண்டே மனிதரின் தகுதியை அளந்த சாதியச் சமூகத்தில் வாழும் நமக்கு இக்கேள்வி அயலானதன்று.

உடலின் இயல்பே காரணம் என்ற எண்ணம் மருத்துவக் கணக்கீட்டுக்குள்ளேயே இடம்பெற்றிருந்தது. இரத்தத்திலுள்ள கிரியாட்டினின் அளவு, வயது, பாலினம் ஆகியவற்றைக் கொண்டு சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் கணிக்கும் வாய்பாடுகள் உள்ளன. 1999இல் வெளியான வாய்பாடும், 2009இல் வந்த மேம்பட்ட வாய்பாடும் நோயாளியின் இனத்தையும் கேட்டன. 2009ஆம் ஆண்டு வாய்பாட்டின்படி, நோயாளி கறுப்பினத்தவரெனில் விடை 1.159ஆல் பெருக்கப்பட்டது. கறுப்பினத்தவருக்குத் தசை அதிகம், ஆகவே கிரியாட்டினினும் அதிகம் என்பது அதற்குக் கூறப்பட்ட விளக்கம்.

இதன் விளைவு சிறிதன்று. டயாலிசிஸ் தொடங்காத நோயாளிக்கு, மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் காலம் வடிகட்டும் திறன் 20 அல்லது அதற்குக் கீழ் இறங்கினால்தான் எண்ணப்படும். வெள்ளையர் ஒருவருக்கு 18 எனக் கணிக்கப்படும் அதே இரத்த அளவு, அதே வயதும் பாலினமும் கொண்ட கறுப்பினத்தவருக்கு ஏறத்தாழ 21 ஆகிவிடும். முன்னவருக்கு வரிசையில் இடமுண்டு, பின்னவருக்கு இல்லை.

நீண்ட எதிர்ப்புக்குப் பின், தேசிய சிறுநீரக அறக்கட்டளையும் அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கமும் அமைத்த கூட்டுப் பணிக்குழு, இனத்தைக் கேளாத வாய்பாட்டை 2021இல் பரிந்துரைத்தது. 2023 ஜனவரி முதல், பழைய வாய்பாட்டால் இழந்த காத்திருப்புக் காலம் கறுப்பின நோயாளிகளுக்குத் திருப்பி அளிக்கப்பட்டது. 2024 மார்ச் நடுப்பகுதிக்குள் 14,000க்கும் மேற்பட்டோர், சராசரியாக இரண்டு ஆண்டுகளை மீட்டனர்.

மரபணுவுக்குப் பங்கே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. ஆப்பிரிக்க வம்சாவளியினர் சிலரிடம் காணப்படும் 'ஏபிஓஎல்1' மரபணு மாற்றங்கள் சிறுநீரக நோய்க்கான ஆபத்தை உயர்த்துகின்றன. எனினும் அவற்றின் தாக்கம் வலுவாகத் தெரிவது நீரிழிவு சாராத சிறுநீரக நோய்களில்தான். மேலும், அம்மாற்றம் ஒருவரிடம் உள்ளதா என்பதைச் சோதனை சொல்லும். தோலின் நிறம் சொல்லாது.

சமூகக் காரணங்களின் வலிமைக்கு அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் வரலாறே சான்று. நீரிழிவால் விளையும் சிறுநீரகச் செயலிழப்பு விகிதம் அவர்களிடையே மிக உயர்ந்திருந்தது. அவர்களுக்கான அரசு மருத்துவ சேவை, ஊர்தோறும் நீரிழிவுப் பராமரிப்பை விரிவாக்கியது. சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று தவறாது சோதித்தது. சிறுநீரகத்தைக் காக்கும் இரத்த அழுத்த மருந்துகளைப் பரவலாக வழங்கியது. 1996க்கும் 2013க்கும் இடையில் அவ்விகிதம் பெரியவர்களிடையே 54 விழுக்காடு குறைந்தது. பதினேழு ஆண்டுகளில் ஒரு மக்களின் மரபணு மாறிவிடாது. மாறியது மருத்துவம்.

அப்படியெனில் மருத்துவப் பதிவேட்டிலிருந்தே இனத்தை நீக்கிவிடலாமா? கூடாது. யார் இனத்தால் இழப்புற்றார் என்ற பதிவு இருந்ததால்தான் இழந்த ஆண்டுகளைத் திருப்பித் தர இயன்றது. நம் அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது உறுப்பும் இதே அறத்தின்மீது நிற்கிறது. அதன் முதல் உட்பிரிவு சாதியின் பெயரால் அரசு பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை செல்லாது என்ற தீர்ப்பைத் தொடர்ந்து 1951இல் சேர்க்கப்பட்ட நான்காம் உட்பிரிவோ, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் உள்ளிட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடுகளை அனுமதிக்கிறது.

ஆகவே சாதியும் இனமும் உடலை அளக்கும் கோலாக இருத்தல் ஆகாது. அநீதியை அளக்கும் கோலாக இருத்தல் வேண்டும். டயாலிசிஸ் படுக்கைகளில் யார் கிடக்கின்றனர், மாற்றுச் சிறுநீரகம் யாருக்குக் கிடைக்கிறது என்பதைச் சாதிவாரியாக வெளியிடுமாறு நாம் கோர வேண்டியது இதனால்தான்.