திருவெள்ளறை வாசலும் எம்.பி.பி.எஸ். வாசலும்

1/
ஞாயிற்றுக்கிழமை டியூட்டி இல்லை, ஊருக்குப் போயிருந்தேன். திருவெள்ளறை பெருமாள் கோயில் படியில உட்கார்ந்திருந்தப்ப எங்க தெருத் தங்கச்சி ஒருத்தி கையில நோட்டோட வந்தா. அரசுப் பள்ளியில ப்ளஸ் டூ படிக்கிறா. போன வருஷ எம்.பி.பி.எஸ். கட் ஆஃப் மொத்தத்தையும் காலேஜ் வாரியா, பிரிவு வாரியா எழுதி வச்சிருந்தா. கடைசிப் பக்கத்துல அவளோட மாதிரித் தேர்வு மார்க்.

"அண்ணா, எனக்குக் கெடைக்குமா?"

சட்டுனு பதில் சொல்ல முடியல. ஏன்னு சொல்லத்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

2/
எங்க ஊர்க் கோயிலுக்கு ரெண்டு வாசல் உண்டு. தை முதல் ஆனி வரைக்கும் உத்தராயண வாசல், ஆடி முதல் மார்கழி வரைக்கும் தட்சிணாயன வாசல். ஒண்ணு திறந்திருந்தா மத்தது மூடியிருக்கும். உள்ளே இருக்கிற புண்டரீகாட்சப் பெருமாள் என்னவோ ஒருத்தர்தான். ஊர்க்காரனுக்கு இது தெரியும். புதுசா வர்றவர் மூடின வாசல் முன்னாடி நின்னுட்டிருப்பார்.

நம்ம மாநிலத்து மெடிக்கல் சீட்டோட 75 வருஷ வரலாறும் கிட்டத்தட்ட இதுதான்.

3/
1950-ல இருந்து ஆரம்பிப்போம். அப்போ சென்னை மாகாணத்துல அரசு மருத்துவக் கல்லூரிகள் மொத்தம் நாலு, இடங்கள் 330. வகுப்புவாரி அரசாணைப்படி ஒவ்வொரு 14 இடத்துலயும் பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஆதிதிராவிடர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1.

இதை எதிர்த்து செண்பகம் துரைராஜன் வழக்குப் போட்டார். 1951 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் அரசாணை செல்லாதுன்னு சொல்லிச்சு. தமிழ்நாடு கொந்தளிச்சது. ஜூன் மாசமே அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்து, 15(4) பிரிவு சேர்ந்தது. மூணே மாசத்துல ஒரு வாசல் மூடி இன்னொண்ணு திறந்தது.

4/
அடுத்து, மாவட்ட மக்கள்தொகை விகிதப்படி சீட்டைப் பிரிச்சாங்க. அப்போ ஒரு பையனோட வாய்ப்பு, அவன் எந்த மாவட்டம்ங்கிறதைப் பொறுத்தது. 1968-ல ராஜேந்திரன் வழக்குல உச்ச நீதிமன்றம் அதையும் ரத்து பண்ணிச்சு.

பிறகு கல்லூரிகளை யூனிட்டாப் பிரிச்சு தனித்தனித் தேர்வுக் குழு. நேர்காணலுக்கு மட்டும் 75 மார்க். விளையாட்டு, உடல்வாகு, பொதுத் திறன்னு அதுக்குள்ள பல தலைப்பு. ஒரு யூனிட்ல இடம் கிடைச்சவரை விட அதிக மார்க் வாங்கினவருக்கு இன்னொரு யூனிட்ல இல்லைன்னு ஆச்சு. பெரியகருப்பன் வழக்குல இந்த முறையும் நிக்கல.

அந்தக் காலத்துல ஒரு மாணவன் தன் வாய்ப்பை எப்படிக் கணக்குப் போட்டிருப்பான்? எதிர்ல உட்காரப் போற குழு எவ்வளவு மார்க் போடும்னு யாருக்குத் தெரியும்?

5/
1984, எம்.ஜி.ஆர். ஆட்சி. தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. ப்ளஸ் டூ மார்க்கை 200-க்குச் சுருக்கி, நுழைவுத் தேர்வுக்கு 100 சேர்த்து மொத்தம் 300. இப்போ 40, 50 வயசுல இருக்கிற டாக்டர்கள்ல நிறைய பேர் அந்த 300-க்கு எழுதினவங்க. போன தடவை விட்டவங்க இம்ப்ரூவ்மென்ட் எழுதி மறுபடி வரலாம்.

கோச்சிங் சென்டர் இருந்தது நகரத்துல. எங்க ஊர்ல இருந்து அதுக்குத் திருச்சி போகணும். பஸ் காசு தனி, ஃபீஸ் தனி.

6/
2005-ல ஜெயலலிதா அரசு நுழைவுத் தேர்வையும் இம்ப்ரூவ்மென்ட் முறையையும் ரத்து பண்ணிச்சு. உயர் நீதிமன்றத்துல அது நிக்கல. 2006-ல கருணாநிதி அரசு ஆனந்தகிருஷ்ணன் குழு அமைச்சு, அது பரிந்துரைச்சபடி சட்டம் கொண்டு வந்தது. 2007 மார்ச்ல குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார்.

அதே மார்ச்லதான் நான் ப்ளஸ் டூ பரீட்சை எழுதினேன்.

7/
இனிமே உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. மொத்தம் 200. உயிரியல்ல ஒரு மார்க் போனா கட் ஆஃப்ல அரை மார்க் போச்சு, மத்த ரெண்டுல ஒரு மார்க் போனா கால் மார்க். எனக்கு சீட் கிடைச்சது.

உழைச்சேன், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒரு வருஷம் முன்னாடி பிறந்திருந்தா நான் டாக்டர் ஆகியிருப்பேனா? நுழைவுத் தேர்வுக்கு ஒருநாள் கூட கோச்சிங் போகாதவன் நான். எனக்கு நேரா ஒரு வாசல் திறந்துச்சு. நான் கட்டின வாசல் இல்லை அது.

8/
அந்த வாசலுக்கும் வழி கண்டுபிடிச்சவங்க இருந்தாங்க. நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகள்ல ப்ளஸ் ஒன் பாடத்தைத் தள்ளி வச்சுட்டு ரெண்டு வருஷமும் ப்ளஸ் டூ பாடமே நடத்தினாங்க. பணம் கட்ட முடிஞ்சவங்க பிள்ளைகளை அங்கே சேர்த்தாங்க. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இந்தக் காலத்துலயும் ரொம்பக் கொஞ்சம் பேர்தான் உள்ளே வந்தாங்க. இதை மறைச்சுட்டு "பழைய முறை பொற்காலம்"னு சொன்னா அது நேர்மை இல்லை.

9/
2016-ல நீட் மறுபடி வந்தது. மாநில இடங்களுக்கு அந்த ஒரு வருஷம் மட்டும் விலக்கு. 2017-லயும் விலக்கு கிடைக்கும்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்தாங்க. நம்பினவங்க ப்ளஸ் டூவுக்குப் படிச்சாங்க. ஆகஸ்ட் 22-ல உச்ச நீதிமன்றம் நீட் அடிப்படையிலதான் சேர்க்கைன்னு உத்தரவு போட்டது.

அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா. ப்ளஸ் டூவில 1176. பழைய கணக்குல கட் ஆஃப் 196.75. நீட்ல 720-க்கு 86. செப்டம்பர் 1-ம் தேதி அந்தப் பொண்ணு நம்மோட இல்லை.

அவ கணக்கு தப்பே இல்லை. அவ கணக்குப் போட்ட வாசல் மூடியிருந்தது.

10/
2020-ல நீதிபதி கலையரசன் ஆணையம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 10 சதவீத உள் ஒதுக்கீடு பரிந்துரைச்சது. 7.5 சதவீதம் சட்டமாச்சு. முதல் வருஷமே எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம் சேர்த்து 400-க்கு மேல அரசுப் பள்ளிப் பிள்ளைகள் உள்ளே போனாங்க. தனியார் கல்லூரியில இடம் கிடைச்சாலும் கட்டணத்தை அரசே ஏத்துக்கிட்டது.

11/
இவ்வளவும் சொல்றதுக்குக் காரணம் ஒண்ணுதான். ஒவ்வொரு தடவை வாசல் மாறும்போதும் அது யாருக்கு முதல்ல தெரியுது? வீட்டுல ஏற்கெனவே ஒரு டாக்டர் இருக்கிறவங்களுக்கு, கோச்சிங் காசு இருக்கிறவங்களுக்கு. ஒண்ணு ரெண்டு வருஷத்துல அவங்க பழகிடுவாங்க. முதல் தலைமுறைப் பிள்ளைக்குத் தெரிய வர்றப்ப கவுன்சிலிங் முடிஞ்சிருக்கும்.

12/
இப்போ தங்கச்சி கேட்ட கேள்விக்கு வர்றேன். அவகிட்ட சொன்னதை இங்கேயும் சொல்றேன், உங்க பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் உதவும்.

போன வருஷ மார்க்கை நம்பாதே, ரேங்க்கைப் பாரு. 2024 நீட்ல திருத்தின முடிவுக்கு அப்புறமும் 720-க்கு 720 எடுத்தவங்க 17 பேர். 2025-ல முதலிடமே 686. பேப்பர் கஷ்டமானா எல்லாருக்கும் மார்க் இறங்கும். அதனால இதே மார்க்குக்கு ஒரு வருஷம் சீட் உண்டு, இன்னொரு வருஷம் இல்லை.

நீ நிக்கிற வரிசை எதுன்னு பாரு. ஆறாம் வகுப்புல இருந்து ப்ளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளின்னா உனக்கு 7.5 சதவீதத்துக்குத் தனிப் பட்டியல் இருக்கு. உன் நோட்டுல எழுதியிருக்கிறது பொதுப் பட்டியல் கட் ஆஃப். அதைப் பார்த்துப் பயந்துட்டு இருக்கே.

ஆறாவதுல இருந்து எந்தெந்தப் பள்ளியில படிச்சேன்னு சான்றிதழ், சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ். எல்லாத்தையும் இப்பவே வாங்கி வை. கவுன்சிலிங் நேரத்துல ஒரு பேப்பருக்காக அலையுறவங்களை நான் பார்த்திருக்கேன்.

நர்சிங், ஃபார்மசி, பிசியோதெரபிக்கும் விண்ணப்பம் போடு. எங்க வார்டு ஓடுறது டாக்டரால மட்டும் இல்லை.

13/
"அப்போ கெடைக்குமா, கெடைக்காதாண்ணா?"ன்னு மறுபடி கேட்டா.

"தெரியாதும்மா. ஆனா நீ மூடின வாசல்ல நிக்கல"ன்னு சொன்னேன்.

நோட்டுல பொதுப் பட்டியலை ஒரு கோடு போட்டு அடிச்சுட்டு, புதுப் பக்கத்துல ‘7.5’னு தலைப்பு எழுதினா. அடுத்த ஞாயிறு வர்றேன்னு சொல்லியிருக்கேன். இயற்பியல்ல சந்தேகம் இருக்காம். எனக்கே மறந்து போச்சு, படிச்சுட்டுப் போகணும்.

14/
உங்க தெருவுலயும் இப்படி ஒரு நோட்டு இருக்கும். அஞ்சு நிமிஷம் உட்கார்ந்து பாருங்க.