முத்துப்பேட்டையில் ‘புக்’ என்னும் வினை

தஞ்சை ஜில்லா போர்டார், நிலத்தீர்வையோடு சேர்த்துத் தண்டிய தனி வரியைக் கொண்டு, மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரையில் 54 மைல் நீளத்துக்கு இருப்புப்பாதை அமைத்து, 1894-ஆம் ஆண்டில் அதில் வண்டி ஓடத் தொடங்கிய பின்னர், கோரையாறும் பாமணியாறும் கடலை அடையும் இக்கழிமுகத்து ஊரில், ‘புக் பண்ணுதல்’ என்னும் பிரயோகத்துக்கு நித்திய அவசியம் ஏற்பட்டது.

நூலைக் குறிக்கும் ‘புக்’ என்னும் பெயரே ஆங்கிலத்தில் வினையாகவும் நிற்கிறது. பழைய ஆங்கிலத்தில் அவ்வினை சாசனம் எழுதி நிலத்தைத் தானம் செய்வதைக் குறித்தது. பிற்காலத்தில் ஏட்டில் பதிதல் என்னும் பொருளை அடைந்து, குதிரை வண்டிப் பிரயாணிகளின் பெயரை ஏட்டில் எழுதி இடம் ஒதுக்கிய வழக்கத்தினால், பத்தொன்பதாம் நூற்றாண்டில், முன்கூட்டி இடம் பெறுதல் என்றும் விரிந்தது. தாமஸ் எட்மண்ட்ஸன் என்பவர் 1830-களின் பிற்பகுதியில் வரிசை எண் அச்சிட்ட அட்டை டிக்கெட்டைப் புகுத்தியதும், பெயர் எழுதும் வேலை ஒழிந்தது. ஆயினும் ‘புக்கிங் ஆபீஸ்’ என்ற பெயர் ஒழியவில்லை.

சரக்கின் விஷயம் வேறு. மூட்டைகளின் தொகை, எடை, அனுப்புவோர் பெயர், பெறுவோர் பெயர் ஆகிய யாவும் ஏட்டில் ஏறி, ரசீது கைக்கு வந்தாலன்றி, நெல்லோ கருவாடோ ஸ்டேஷனை விட்டு நகர்ந்ததில்லை. அந்த ரசீதைக் காட்டியே சேருமிடத்தில் சரக்கை மீட்கவேண்டியிருந்தது. ஆதலால், ‘சரக்கைப் புக் பண்ணியாயிற்று’ என்று வியாபாரி சொன்னபோது, அச்சொல் ஏட்டில் பதிதல் என்னும் தன் பொருளைச் சிறிதும் இழக்காமல் நின்றது என்பது என் துணிபு.

ஏட்டில் ஏறினாலன்றிச் செயல் முற்றுப்பெறாது என்னும் இக்கருத்துச் சோழ நாட்டுக்குப் புதிதுமன்று. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளிக்கு முதலாம் இராஜராஜன் ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக, அதாவது பள்ளிக்குரிய இறையிலியாக, அளித்தபோது, அரசனுடைய வாய்மொழியை ஓலையில் எழுதி, புரவுவரித் திணைக்களத்தார் என்னும் வரிக்கணக்கு அதிகாரிகள் கணக்கில் ஏற்றிய பின்னரே தானம் நிறைவெய்தியது. ‘வரியிலிடுதல்’ என்று நம் சாசனங்கள் அச்செயலை வழங்குகின்றன. நிலத் தானத்துக்குக் கல்வெட்டும் செப்பேடும் சாட்சியாக இருக்க, கடற்கரை வாணிகத்துக்குச் சாட்சி காகிதம் ஒன்றே. அது கறையானுக்கு இரையாகும் பண்டம். முத்துப்பேட்டை வணிகக் குடும்பங்களின் பழம்பெட்டிகளில் ரயில் ரசீதுகளும் பேரேடுகளும் இன்னும் இருக்குமாயின், அவற்றைக் கழிவுக் காகிதமென்று எடைக்குப் போடாமல், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் போன்றதொரு நிலையத்தில் சேர்ப்பிக்குமாறு உரியவர்களை வேண்டிக்கொள்கிறேன்.